வெறுந்தண்ணி வரிசை

மாத்தளையிலிருந்து வந்த சாக்கை அவிழ்த்தேன்.
நூற்றியிருபது வனிலாத் துண்டங்கள்.
இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்களைப்போல
தலை சாய்ந்து கிடந்தன.

"கச்சான் காத்துக்கை வனிலாவோ?"
உரக்கடைத் துஷ்யந்தன் சிரித்துவிட்டு
தும்புத்தூளுக்கு மட்டும் காசு கூட வாங்கினான்.

முத்தையன்கட்டு வலதுகரை.
இரட்டை வலைக்கூரை. நாலு வரிசை, வரிசைக்கு முப்பது.
முதலாவதுக்கு முருங்கையிலைச் சாறு,
ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர்.
இரண்டாவதின் அடிக்கணு ஓரிரவு முழுக்க இளநீரில்.
மூன்றாவதுக்குக் கற்றாழைச் சோறு, வெட்டுவாயில் தடவி.
நாலாவதுக்கு ஒன்றுமில்லை.

பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் 'கட்டுப்பாடு'.
அந்தச் சொல்லை இந்த மண்ணில்
ஒரு பலகையில் எழுதி நடுவதற்கு
எனக்குக் கை வரவில்லை.
வெறுந்தண்ணி என்று எழுதினேன்.

"ஏன் பிள்ளை அதுக்கு மட்டும்?"
அம்மிக் குழவியை நிறுத்திவிட்டுக் கேட்டா தவரஞ்சினி அக்கா.
ஒப்பிட வேணும் அக்கா,
ஒண்டுக்கு ஒண்டும் குடாமல் விட்டால்தான்
குடுத்தது என்ன செய்ததெண்டு தெரியும்.

அவ பதில் சொல்லவில்லை.
சாற்றைத் துணியில் பிழிந்து என்னிடம் தந்தா.
அம்மி கழுவின தண்ணி பச்சையாய் ஓடி
மண்ணுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

பதினேழாம் நாள் வேர்முனை.
இருபத்தைந்தில் கற்றாழை வரிசையில் இரண்டு அழுகல்.
முப்பத்தோராம் நாள்
தும்பை விரலால் விலக்கி அடிமட்டம் வைத்து அளந்தேன்.
இளநீர், ஏழு சென்ரிமீற்றர்.
முருங்கை, ஒன்பது.
வெறுந்தண்ணி, ஒன்பது.

திரும்ப அளந்தேன். ஒன்பது.
அன்றிரவு நித்திரையில்லை.
குளத்துத் தண்ணியைச் சந்தேகித்தேன், நிழலைச் சந்தேகித்தேன்,
மாத்தளைக்காரன் கலந்துகட்டி அனுப்பினானோ என்றும்.
விடிய எழும்பிப் போய்
நாலாவது வரிசையின் இலைக்கவட்டில்
ஒரு துணுக்குக் கண்டேன். காய்ந்த பச்சை.
முகர்ந்தால் முருங்கை.

அடுத்த நாள் ஐந்தரைக்கே வலைக்குள் இருந்தேன்.
பால்மா ரின்னோடு வந்தா அக்கா.
ஒவ்வொரு கொடிக்கும் குனிந்து,
ஊற்றி, நிமிர்ந்து, அடுத்ததற்கு.
என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.
முப்பதாவது முடிந்த பிறகுதான் பேசினா:

"சாறு களவெடுக்கேல்லைப் பிள்ளை.
இது அம்மி கழுவின தண்ணி.
எப்பிடியும் நிலத்துக்குப் போறதுதானே."

பிறகு, ரின்னைக் கவிழ்த்துப் பிடித்தபடி:
"வரிசையில நிண்டு நிண்டு
எங்கட முறை வரேக்கை கிடாரம் முடிஞ்சா..."
அதற்குமேல் போகவில்லை.
வாய்க்காலில் ஆரோ மோட்டரை இயக்கினார்கள்.

பரிசோதனை கெட்டுப்போனது.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
கொப்பியில் 'வெறுந்தண்ணி'யை ஒரு கோட்டால் வெட்டினேன்,
வாசிக்கத் தெரியுமாறு.
மேலே எழுதினேன்: அம்மி கழுவிய நீர்,
கொடிக்கு ஒரு வாய், விடியற்புறம்.
எத்தனை பங்குக்கு எத்தனை என்று கேட்டால்
"எனக்கென்ன தெரியும், அம்மியைக் கேள்" என்கிறா.
ரின்னை அளந்து வைத்திருக்கிறேன்.

புதிதாக முப்பது துண்டம் எடுப்பித்தேன்.
பலகையில் அதே பழைய பெயர்.
அதற்கு நானே தண்ணி விடுகிறேன்,
தண்ணியைத் தவிர வேறொன்றும் இல்லை.
அக்கா அந்தப் பக்கத்தால் வருவதில்லை.
வாய்க்கால் கட்டால் சுற்றிப் போகிறா,
வெயிலுக்குள்ளால், இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு.

பூக்க இன்னும் மூன்று வருசம்.
பூத்தாலும் ஒவ்வொரு பூவையும் கையால் சேர்த்துவைக்க வேணும்,
அதையும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று அந்த வரிசையின் கடைசித் துண்டம்
ஒருவரும் ஒன்றும் கொடாமல்
நகமளவு வேர் விட்டிருந்தது.
அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.